கட்டுப்பாடு மீறிய எம்.எல்.ஏ.வைக் கட்சி என்ன செய்யலாம்? விளக்க நோட்டீஸ் முதல் தகுதி நீக்க மனு வரை ஓர் ஒப்பீடு

தொகுதி எம்.எல்.ஏ. தலைமையோடு முறுக்கிக்கொண்டார் என்று செய்தி வந்தால், ஒரத்தநாடானாலும் மன்னார்குடியானாலும் டீக்கடையில் எழும் முதல் கேள்வி: "தூக்கிட்டாங்களா?" கட்சி நிர்வாகிகளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. தூக்குவதில் ஆறு விதம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அதிகாரம் வேறொருவர் கையில், விலையும் வேறு.

அடிப்படையான ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கட்சியைவிட்டு நீக்குவது தலைமை ஒரே நாளில் செய்யக்கூடியது. கட்சித் தாவலுக்காகச் சட்டமன்றத்தைவிட்டு இறக்குவது சபாநாயகரால் மட்டுமே முடிவது. நீக்கிவிட்டால் பதவியும் தானாகப் போய்விடும் என்று தொண்டர்களில் பாதிப்பேர் இன்னும் நம்புகிறார்கள். போகாது. கட்சி நீக்கிவிட்ட பிறகும் அவர் எம்.எல்.ஏ.தான்: சம்பளம் வாங்குவார், ஆட்சியர் அலுவலகக் கூட்டங்களில் உட்கார்வார், தொகுதி மேம்பாட்டு நிதிக்குப் பணிகளைப் பரிந்துரைப்பார்.

## எதையெல்லாம் வைத்து எடை போடுவது

நடந்தது பேச்சா, வாக்கா, மேடையா? கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் மழையில் நனைகின்றன, ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து தளர்த்துங்கள் என்று ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவர் விவசாயிகளோடு சாலையில் உட்கார்ந்தால் அது பேச்சு. நம்பிக்கை வாக்கெடுப்பில் மாற்றி வாக்களித்தால் அது வாக்கு. மாற்றுக் கட்சித் தலைவர் பக்கத்தில் நின்று துண்டு போட்டுக்கொண்டால் அது மேடை. அரசமைப்பின் பத்தாவது அட்டவணை, அதாவது 1985இல் 52ஆவது திருத்தமாக வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், பின்னிரண்டைத்தான் தொடுகிறது. வெறும் பேச்சுக்குக் கட்சி நடவடிக்கை எடுக்கலாம். பதவியைப் பறிக்க முடியாது.

கட்சிக்கு வேண்டியது என்ன? ஆள் அடங்கினால் போதுமா, அந்த இடமே காலியாக வேண்டுமா? தலைமைக் கழகத்தில் கோபம் தலைக்கேறியிருக்கும் நேரத்தில் இதை யாரும் கேட்பதில்லை. இதற்குப் பதில் தெரியாமல் எடுக்கும் எந்த நடவடிக்கையும் அரைகுறையாகத்தான் நிற்கும்.

சபாநாயகர் எந்தப் பக்கம்? எதிர்க்கட்சி போடும் மனுவும் ஆளுங்கட்சி போடும் மனுவும் ஒரே வேகத்தில் நகர்ந்ததாக வரலாறு இல்லை.

சபையில் எண்ணிக்கை எவ்வளவு? பதவிக்காலம் எவ்வளவு மிச்சம்? ஒன்றிய, நகரச் செயலாளர்கள் யார் பேச்சைக் கேட்பார்கள்? இந்த மூன்றுக்கும் பதிலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தச் சின்னத்தில் வென்றார்? டெல்டாவில் கூட்டணிக் கட்சிகளுக்கு இது பெரிய கேள்வி. யார் நிறுத்திய வேட்பாளராக வென்றாரோ அந்தக் கட்சியின் உறுப்பினராகவே சட்டம் அவரைக் கருதுகிறது. 2021இல் பாபநாசத்தில் மனிதநேய மக்கள் கட்சித் தலைவர் எம்.எச். ஜவாஹிருல்லா வென்றது உதயசூரியன் சின்னத்தில். நாகப்பட்டினத்தில் விடுதலைச் சிறுத்தைகள் வென்றது தங்கள் பானைச் சின்னத்தில். பெரிய கட்சியின் சின்னத்தில் தன் ஆளை நிறுத்தும் சிறிய கட்சி, பின்னாளில் அவரை நீக்கலாம். ஆனால் சபையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கட்டளையான கொறடா உத்தரவைப் போடும் உரிமையும் அதை மீறினால் மனு போடும் வாய்ப்பும் நடைமுறையில் சின்னம் கொடுத்த கட்சிக்கே போய்விடும். தொகுதிப் பங்கீட்டுப் பேச்சில் இந்த விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

| நடவடிக்கை | முடிவு யார் கையில் | எம்.எல்.ஏ. பதவி | காலம் | மறைந்திருக்கும் விலை |
|---|---|---|---|---|
| விளக்க நோட்டீஸ் | கட்சி | இருக்கும் | ஒரு வாரம், இரு வாரம் | பதில் கடிதமே எதிராளியின் அறிக்கையாகிவிடும் |
| பொறுப்பு பறிப்பு | கட்சி | இருக்கும் | ஒரே நாள் | உள்ளூர் அமைப்பு இரண்டாகும் |
| தற்காலிக நீக்கம் | கட்சி | இருக்கும் | கட்சி விரும்பும்வரை | இழுத்தால் தலைமை தயங்குவதாகப் பேசுவார்கள் |
| நிரந்தர நீக்கம் | கட்சி | இருக்கும் | ஒரே நாள் | ஆள் கையைவிட்டுப் போவார், இடம் அவரிடமே தங்கும் |
| தகுதி நீக்க மனு | சபாநாயகர், பிறகு நீதிமன்றம் | போகலாம் | மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் | தொகுதி அனாதையாகும், இடைத்தேர்தல் வரும் |
| ராஜினாமா பெறுவது | அந்த உறுப்பினர் | போகும் | பேச்சுவார்த்தையைப் பொறுத்தது | சலுகை கொடுக்க வேண்டியிருக்கும் |

## விளக்கம் கேட்டு நோட்டீஸ்

பேச்சு வகை மீறலுக்கு இதைத் தாண்டிப் போகத் தேவையில்லை. ஹைட்ரோகார்பன், கொள்முதல், கடைமடைக்குத் தண்ணீர் என்று ஊர்ப் பிரச்சினைக்காக வாய் திறந்தவரை நீக்கினால், டெல்டாவில் அவர் அடுத்த வாரமே விவசாயிகளின் தலைவர் ஆகிவிடுவார். அந்த ஊர்வலத்துக்குக் கட்சியே கொடி தைத்துக் கொடுத்ததாக ஆகும்.

நோட்டீஸில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன சொன்னார் அல்லது செய்தார், அது கட்சி விதியில் எந்த விதியை மீறியது, எத்தனை நாளுக்குள் பதில், பதில் வராவிட்டால் என்ன நடக்கும். "கட்சிக்குக் களங்கம் விளைவித்தீர்கள்" என்று மொட்டையாக எழுதினால் பதிலும் மொட்டையாகவே வரும். கையெழுத்திடுபவர் கட்சி விதிப்படி அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். மாவட்டச் செயலாளர் தன் லெட்டர்பேடில் எம்.எல்.ஏ.வுக்கு நோட்டீஸ் விடுவது பிறகு வழக்கு வந்தால் நிற்காது.

நோட்டீஸைப் பத்திரிகைக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். வெளியிட்டால் அவர் பதிலையும் வெளியிடுவார். ஆளைத் தக்கவைப்பது நோக்கமென்றால் நேரில் கூப்பிட்டுக் கையில் கொடுப்பதே நல்லது.

## பொறுப்பிலிருந்து விடுவிப்பது

மாவட்டச் செயலாளர், அமைப்புச் செயலாளர் போன்ற கட்சிப் பதவியை எடுத்துவிட்டு உறுப்பினராக வைத்திருப்பது. எம்.எல்.ஏ.வின் பலம் கட்சிப் பதவியில் இருந்து வந்ததென்றால் இது நன்றாக வேலை செய்யும். கிளைச் செயலாளரை நியமிப்பது, உள்ளாட்சித் தேர்தலில் சீட்டு பரிந்துரைப்பது எல்லாம் புதியவர் கைக்குப் போகும். பழையவர் வாசலில் நிற்கும் கார்கள் குறையும்.

சொந்தச் செல்வாக்கு உள்ளவரிடம் இது பலிக்காது. அதிமுக எம்.எல்.ஏ.வாக இருந்த கே.ஏ. செங்கோட்டையன் விஷயத்தில் நடந்ததைப் படிப்படியாகப் பார்க்கலாம். 2025 செப்டம்பர் தொடக்கத்தில், வெளியே போனவர்களை மீண்டும் சேர்க்க வேண்டும் என்று அவர் தலைமைக்குக் கெடு வைத்தார். மறுநாளே கட்சிப் பொறுப்புகள் பறிக்கப்பட்டன. அக்டோபர் கடைசியில் பசும்பொன்னில், கட்சி ஏற்கெனவே நீக்கியிருந்த ஓ. பன்னீர்செல்வத்தோடும் டி.டி.வி. தினகரனோடும் சேர்ந்து நின்றார். உடனே கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். நவம்பரில் எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்துவிட்டுத் தமிழக வெற்றிக் கழகத்தில் சேர்ந்தார். பொறுப்பைப் பறித்ததற்கும் நீக்கியதற்கும் நடுவில் இருந்த இரண்டு மாதம்தான் பேசித் தீர்க்கக் கிடைத்த காலம். அந்த இடைவெளியை யாரை வைத்துப் பேசிப் பயன்படுத்தப் போகிறோம் என்று தெரியாமல் பொறுப்பைப் பறித்தால், அது நீக்கத்துக்கான முன்னறிவிப்பாக மட்டுமே முடியும்.

## தற்காலிக நீக்கம்

கட்சிகள் குறைவாக மதிக்கும் கருவி இது. என் பார்வையில் பெரும்பாலான சந்தர்ப்பங்களுக்கு இதுவே பொருத்தமானது.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. தற்காலிகமாக நீக்கப்பட்டவர் உறுப்பினராகவே தொடர்கிறார். கொறடா உத்தரவு அவரைக் கட்டும் என்பதில் வாதமே எழாது. அவர் வேறு கட்சியில் சேர்ந்தால் "தானாக முன்வந்து உறுப்பினர் பதவியைக் கைவிட்டார்" என்று காட்டுவதும் சுலபம், "என்னைத் துரத்திவிட்டீர்கள், பிறகு எங்கே போவேன்?" என்று அவர் கேட்க வழியில்லை. உட்கட்சிக் கூட்டங்களுக்கு வரமுடியாது, பதவி இல்லை, மேடை இல்லை. ஆனால் கதவு பூட்டப்படவில்லை.

2020 ஆகஸ்டில் ஆயிரம் விளக்கு எம்.எல்.ஏ. கு.க. செல்வம் டெல்லியில் பாஜக தலைவர் ஜே.பி. நட்டாவைச் சந்தித்தபோது, திமுக அவரைத் தற்காலிகமாக நீக்கி, நிரந்தரமாக ஏன் நீக்கக் கூடாது என்று விளக்கமும் கேட்டது. சில நாளில் நிரந்தர நீக்கம் வந்தது. நோட்டீஸ், பதில், முடிவு என்று மூன்று காகிதமும் கோப்பில் இருந்தன. வழக்கு வந்தாலும் அந்தக் கோப்பு பேசும்.

என்ன தவறிப்போகும் என்றால், கெடு. ஆறு மாதம், ஒரு வருடம் என்று தற்காலிகமாகவே இழுத்துக்கொண்டு போனால் ஒன்றியத்தில் இரண்டு அலுவலகம் முளைத்துவிடும். கோயில் திருவிழா அன்னதானம் முதல் துக்க வீடு வரை இரண்டு அணியாகப் போவார்கள். விசாரணை முடியும் தேதியை நோட்டீஸிலேயே எழுதிவிடுவது நல்லது.

## அடிப்படை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கம்

அந்த ஒரு பக்க அறிவிப்பின் வாசகம் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். கட்சியின் கொள்கைக்கும் குறிக்கோளுக்கும் முரணாகச் செயல்பட்டது, களங்கம் உண்டாக்கியது, இன்று முதல் அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கம். கடைசி வரியில், கட்சியினர் யாரும் அவரோடு எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. நடப்பில் அந்தக் கடைசி வரிக்குத்தான் பலம். நாளைக் காலை யார் வீட்டு வாசலில் யார் நிற்கலாம் என்பதை ஒன்றியச் செயலாளர்களுக்குச் சொல்வது அதுதான்.

சட்டமன்றத்துக்குள் இந்த அறிவிப்புக்கு என்ன மதிப்பு என்பதற்கான விடை ஒரத்தநாட்டோடு தொடர்புடையது. 1991இல் அதிமுக சார்பில் ஒரத்தநாட்டில் வென்ற அழகு திருநாவுக்கரசும் ஆற்காட்டில் வென்ற ஜி. விஸ்வநாதனும் 1994 ஜனவரியில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மார்ச்சில் சபாநாயகர் அவர்களைக் கட்சி சாராதவர்கள் என்று அறிவித்தார். பிறகு அவர்கள் மதிமுகவில் சேர்ந்தார்கள் என்று மனு வந்தது. 1995 ஏப்ரலில் தகுதி நீக்கம். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. கட்சி நீக்கினாலும், எந்தக் கட்சி நிறுத்தி வென்றாரோ அந்தக் கட்சியின் உறுப்பினராகவே சட்டம் அவரைக் கருதும். "கட்சி சாராதவர்" என்ற வகையே பத்தாவது அட்டவணையில் கிடையாது. நீக்கப்பட்டவர் வேறு கட்சியில் சேர்ந்தால், பழைய கட்சியைத் தானாகக் கைவிட்டதாகவே பொருள்.

இதன் விளைவு இரண்டு பக்கமும் வெட்டும். நீக்கப்பட்டவர் வேறு கட்சியில் சேராதவரை பதவி பெரும்பாலும் பத்திரம். சேர வேண்டுமென்றால் முதலில் ராஜினாமா செய்ய வேண்டும். செங்கோட்டையன் ராஜினாமாவுக்குப் பிறகே சேர்ந்ததும், 2025 நவம்பரில் ஆலங்குளம் எம்.எல்.ஏ. பி.எச். மனோஜ் பாண்டியன் திமுகவில் சேர்ந்தபோது எம்.எல்.ஏ. பதவியைத் துறந்ததும் இதனால்தான்.

கட்சிக்கான விலையை எண்ணிக்கையில் பாருங்கள். 2021இல் அதிமுக வென்ற இடம் 66. 2022 ஜூலை 11 வானகரம் பொதுக்குழுவில் ஓ. பன்னீர்செல்வம், ஒரத்தநாடு ஆர். வைத்திலிங்கம், மனோஜ் பாண்டியன் ஆகிய எம்.எல்.ஏ.க்கள் நீக்கப்பட்டார்கள். பிறகு உசிலம்பட்டி பி. அய்யப்பனும் அவர்கள் பக்கம் போனார். நடைமுறைக் கணக்கு 62. தமிழ்நாட்டில் ஆறு மாநிலங்களவை இடத்துக்கு ஒரே நேரத்தில் தேர்தல் நடந்தால் ஒரு இடத்துக்கு 34 வாக்கு வேண்டும். இரண்டு இடத்துக்கு 68. இரண்டு குறையும்போது ஒரு கூட்டணி நண்பர் போதும். ஆறு குறையும்போது பேரம் பேச வேண்டிவரும். அதோடு, மாநிலங்களவைத் தேர்தலில் வாக்களிப்பது பத்தாவது அட்டவணைக்குள் வராது. வாக்குச் சீட்டைக் கட்சி முகவரிடம் காட்ட வேண்டும், ஆனால் மாற்றிப் போட்டதற்காகக் கொறடா உத்தரவை வைத்துப் பதவியைப் பறிக்க முடியாது.

அடுத்த விலை வழக்கு. அந்தப் பொதுக்குழு நாளிலேயே பன்னீர்செல்வமும் எதிர்த்தரப்பை நீக்குவதாக அறிவித்தார். யாருக்கு நீக்கும் அதிகாரம் என்ற கேள்வி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, இரு நீதிபதிகள் அமர்வு என்று போய், 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பொதுக்குழுவை ஏற்கும்வரை ஓயவில்லை. சபைக்குள் எதிர்க்கட்சித் துணைத் தலைவர் இருக்கை யாருக்கு என்ற தகராறு 2024 பிப்ரவரிவரை நீண்டது.

அரசியல் விலைக்கு 1972 அக்டோபர் போதும். திமுக பொருளாளராகவும் எம்.எல்.ஏ.வாகவும் இருந்த எம்.ஜி.ஆர். நீக்கப்பட்ட சில நாளில் அதிமுக பிறந்தது. அப்போது கட்சித் தாவல் சட்டமே இல்லை. இருந்திருந்தாலும் அது தடுத்திருக்காது.

நீக்கம் சரியான வழி எப்போது? கட்சியின் பெயரைச் சொல்லி ஊழலோ குற்றமோ செய்தவரிடமிருந்து கட்சி உடனே விலகி நிற்க வேண்டியபோது. அல்லது உள்ளூர் அமைப்பு முழுவதும் தலைமையோடு நின்று, அவர் தனியாளாகிவிட்டபோது. அந்த இரண்டும் இல்லாமல் கோபத்துக்கு நீக்கினால், ஐந்தாண்டு மைக்கையும் சம்பளத்தையும் கையில் கொடுத்து, கட்டுப்பாட்டை மட்டும் அவிழ்த்துவிட்டதாக ஆகும்.

## சபாநாயகரிடம் தகுதி நீக்க மனு

அவர் சம்மதம் இல்லாமலே இடம் காலியாக வேண்டுமென்றால் இந்த ஒரு வழிதான். ஆனால் இதில்தான் சின்னச் சின்னக் காகிதப் பிழைகளில் கட்சிகள் கவிழ்கின்றன. இரண்டு காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும்.

### வாக்கை வைத்து

கொறடாவைச் சட்டமன்றக் கட்சியின் ஒரு பகுதி தானாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியாது. அரசியல் கட்சிதான் நியமிக்க வேண்டும் என்று மகாராஷ்டிர வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆகவே கொறடா நியமனக் கடிதம் தலைமையிடமிருந்து சபாநாயகருக்குப் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். தேதி, எந்தப் பொருள், எப்படி வாக்களிக்க வேண்டும், வராமல் இருப்பதும் விலகி நிற்பதும் மீறலே என்ற வரி. சேர்ப்பதில்தான் பிரச்சினை. சென்னை எம்.எல்.ஏ. விடுதி அறை, தொகுதி வீடு, தொகுதி அலுவலகம் மூன்றுக்கும் அனுப்புங்கள். நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். கதவைத் திறக்காவிட்டால் சாட்சி வைத்து ஒட்டி, படம் எடுத்துக்கொள்ளுங்கள். விரைவுத் தபால் ரசீதும் வாட்ஸ்அப் நீல டிக்கும் கூடுதல் ஆதாரம். "எனக்கு வந்து சேரவில்லை" என்பதே முதல் எதிர்வாதமாக வரும்.

குரல் வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்று பதிவாகாது. மீறல் நடக்கும் என்று சந்தேகம் இருந்தால் எண்ணிக் கணக்கிடும் வாக்கெடுப்பைக் கேட்க வேண்டும். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுப்பி எண்ணியதால்தான் 122க்கு 11 என்ற கணக்கு பதிவில் நின்றது.

வாக்கெடுப்பு முடிந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் தகுதி நீக்கமே கிடையாது. மன்னித்ததா இல்லையா என்பதைச் சட்டமன்றக் கட்சித் தலைவர் 30 நாளுக்குள் சபாநாயகருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த இடைவெளியில் அவரோடு சேர்ந்து திருமண வீட்டில் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளும் மாவட்டச் செயலாளர், மன்னித்ததற்கான சாட்சியை எதிர்த்தரப்புக்கு இலவசமாகக் கொடுக்கிறார்.

எல்லா வாக்கும் இதற்குள் வராது. 1992 கிஹோட்டோ ஹொல்லோஹன் தீர்ப்பு, அரசு நிலைக்குமா கவிழுமா என்பதையும் கட்சி மக்களிடம் வாக்குக் கேட்ட அடிப்படைக் கொள்கையையும் தொடும் வாக்கெடுப்புகளோடு இந்த உத்தரவை நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. சாதாரணத் தீர்மானம் ஒவ்வொன்றுக்கும் கொறடா உத்தரவு அடித்துக்கொண்டிருந்தால், உண்மையாகத் தேவைப்படும் நாளில் அதன் கூர்மை போய்விடும்.

### நடத்தையை வைத்து

ராஜினாமாக் கடிதம் கொடுத்தால்தான் கட்சியைக் கைவிட்டதாக அர்த்தமில்லை, நடத்தையிலிருந்தே முடிவுக்கு வரலாம் என்று 1994 ரவி நாயக் வழக்கு சொல்கிறது. எந்த நடத்தை போதும் என்பதில்தான் சூட்சுமம். 2010இல் கர்நாடக பாஜக எம்.எல்.ஏ.க்கள் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநருக்குக் கடிதம் கொடுத்தார்கள். அவர்களின் தகுதி நீக்கத்தை 2011இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2017 ஆகஸ்டில் டி.டி.வி. தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் ஏறக்குறைய அதே மாதிரிக் கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் ப. தனபால் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு சொல்லி, 2018 அக்டோபர் 25 அன்று மூன்றாவது நீதிபதி அதை உறுதி செய்தார். கடிதம் ஒன்றை மட்டும் நம்பி மனு போடாதீர்கள். மாற்றுக் கட்சி மேடை, உறுப்பினர் அட்டை, அழைப்பிதழில் பெயர், முழு வீடியோப் பதிவு என்று சேர்த்து வைக்க வேண்டும். வீடியோவுக்குப் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்று இணைக்காவிட்டால் அதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே ஒதுக்கச் சொல்வார். நாளிதழ் கத்தரிப்பு மட்டும் பலவீனமான ஆதாரம்.

தமிழ்நாட்டின் 1986 விதிகளின்படி மனுவில் சத்தியச் சரிபார்ப்பு இருக்க வேண்டும், நகல் எதிர்மனுதாரருக்குப் போக வேண்டும், பதிலுக்கு அவருக்கு ஏழு நாள்.

### எங்கே மாட்டிக்கொள்ளும்

மூன்று மாதத்துக்குள் சபாநாயகர் முடிவெடுப்பதே முறை என்று 2020இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தெலங்கானா வழக்கில் 2025 ஜூலையில் மூன்று மாதக் கெடுவே விதித்தது. ஆனாலும் கெடு வாங்க நீங்கள்தான் நீதிமன்றம் போக வேண்டும். 2017 பிப்ரவரியில் எதிர்த்து வாக்களித்த பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் மீதான மனுக்கள் 2020 பிப்ரவரியிலும் முடிவில்லாமல் சபாநாயகரிடமே கிடந்தன.

இன்னொரு முட்டுக்கட்டை: சபாநாயகரை நீக்கக் கோரும் நோட்டீஸ் நிலுவையில் இருந்தால் அவர் தகுதி நீக்கத்தைத் தொடக் கூடாது என்று 2016 அருணாசலப் பிரதேச வழக்கு சொல்கிறது. 2019இல் கல்லணைக் கால்வாயின் கடைமடையான அறந்தாங்கியின் இ. ரத்தினசபாபதி உள்ளிட்ட அதிமுக எம்.எல்.ஏ.க்கள் மூவருக்குத் தகுதி நீக்க நோட்டீஸ் போனபோது, திமுக சபாநாயகருக்கு எதிராக நோட்டீஸ் கொடுத்தது. மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அவர்கள் பதவி போகவில்லை.

மூன்றாவது, மூன்றில் இரண்டு பங்கு. மூன்றில் ஒரு பங்கு பிரிந்தால் போதும் என்ற பழைய விலக்கு 2003இல் 91ஆவது திருத்தத்தோடு போய்விட்டது. கட்சி வேறொரு கட்சியோடு இணைவதை அதன் எம்.எல்.ஏ.க்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்றால் அவர்கள் பதவி போகாது என்ற விலக்கு மட்டும் இருக்கிறது. நான்கு எம்.எல்.ஏ. உள்ள கட்சிக்கு மூன்று பேர், இரண்டு பேர் உள்ள கட்சிக்கு இருவருமே வேண்டும். சிறிய கட்சித் தலைமை ஒருவர் மீது மனு போடுமுன் மற்றவர்களோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

### தொகுதி கொடுக்கும் விலை

இதைக் கட்சிகள் கணக்கில் எடுப்பதே இல்லை. எழுதும்போதே வருத்தமாக இருக்கிறது. 2016 மேயில் தஞ்சாவூரில் பணப்பட்டுவாடா புகாரால் தேர்தல் தள்ளிப்போய், நவம்பரில்தான் எம்.எல்.ஏ. கிடைத்தார். தனபால் தகுதி நீக்கம் செய்த அந்த 18 பேரில் அவரும் ஒருவர். 2017 செப்டம்பரில் பதவி போனது. 2019 மே முடிவு வரும்வரை தஞ்சாவூருக்கு எம்.எல்.ஏ. கிடையாது. இருபது மாதம். அந்த இருபது மாதத்துக்குள்தான் 2018 நவம்பர் 16 கஜா புயல் வந்தது. அப்போது மு. கருணாநிதி மறைவால் திருவாரூரும் காலி. அங்கே 2019 ஜனவரிக்கு அறிவித்த இடைத்தேர்தல், நிவாரணப் பணி நடப்பதால் ரத்தானது. தென்னை சாய்ந்தவனும் கூரை போனவனும் மனு கொடுக்கப் போன நாளில், அவனுக்காகக் கேள்வி கேட்க சட்டமன்றத்தில் ஆள் இல்லை.

கடைசியில் 22 இடைத்தேர்தலில் திமுக 13, அதிமுக 9. மனு போட்ட கட்சியின் ஆட்சி பிழைத்தது. தஞ்சாவூர் இடம் திமுகவுக்குப் போனது.

தேர்தல் நடத்தை விதியும் கவனத்துக்குரியது. மாநகராட்சிக்குள் இருக்கும் தொகுதியென்றால் விதி அந்தத் தொகுதிக்கு மட்டும். ஒரத்தநாடு, திருத்துறைப்பூண்டி மாதிரித் தொகுதியென்றால் மாவட்டம் முழுவதும். தை, மாசி அறுவடையில் அது வந்தால், கொள்முதலை அதிகாரிகள் வழக்கம்போல் நடத்துவார்கள். ஆனால் புதிய சலுகை, கூடுதல் நிவாரணம் என்று எதை அறிவிக்கவும் தேர்தல் ஆணையத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும்.

தகுதி நீக்கப்பட்டவர் மறுபடி வென்று வரும்வரை, அல்லது அந்தப் பதவிக்காலம் முடியும்வரை, அமைச்சராக முடியாது. ஆனால் அதே இடைத்தேர்தலில் நிற்கத் தடையில்லை. பதவிக்காலம் முழுக்க நிற்கக் கூடாது என்று சபாநாயகர் உத்தரவிட முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

## பேசி ராஜினாமா வாங்குவது

இரு தரப்புக்கும் மானம் மிஞ்சும் வழி. முன்தேதியில் கையெழுத்து வாங்கி வைத்த வெற்றுக் கடிதம் உதவாது. அரசமைப்பின் 190ஆவது பிரிவின்படி ராஜினாமா தானாகவும் உண்மையாகவும் கொடுத்ததா என்று சபாநாயகர் திருப்தியடைய வேண்டும். உறுப்பினர் நேரில் வந்து "மிரட்டி வாங்கினார்கள்" என்றால் கடிதம் குப்பைதான்.

ராஜினாமாவுக்கும் எண்ணிக்கை விலை உண்டு. 2011இல் 29 இடம் வென்ற தேமுதிகவில் அதிருப்தி எம்.எல்.ஏ.க்கள் ஆண்டுக்கணக்கில் கட்சிக்குள்ளும் வெளியிலுமாக இருந்தார்கள். பேராவூரணி அருண்பாண்டியன் அவர்களில் ஒருவர். 2016 பிப்ரவரியில் எட்டுப் பேர் ராஜினாமா செய்ததும் பலம் 24க்குக் கீழே போய், விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்தை இழந்தார். விளிம்பில் இருக்கும் கட்சி ஒருவரை வெளியே அனுப்புமுன் இந்த 24ஐ நினைவில் வைக்க வேண்டும்.

## எந்த நிலைமைக்கு எது

ஊர்ப் பிரச்சினைக்காகப் பேசினார், சபையில் வாக்கு மாறவில்லை: நேரில் கூப்பிட்டுப் பேசுங்கள், தேவைப்பட்டால் நோட்டீஸ். அதற்கு மேல் வேண்டாம்.

கோஷ்டி கட்டுகிறார், வேறு கட்சியோடு சாடை பேசுகிறார், இன்னும் தாண்டவில்லை: தேதி குறித்த தற்காலிக நீக்கம். கூடவே ஒன்றியச் செயலாளர்களைத் தனித்தனியாகச் சந்தித்து யார் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம்பிக்கை வாக்கெடுப்பில் மாற்றி வாக்களித்தார், உத்தரவு சேர்ந்ததற்கு ஆதாரம் இருக்கிறது: நீக்க அறிவிப்பை நிறுத்தி வைத்து, நேராக மனு. முதலில் நீக்கிவிட்டு மனு போட்டால், "அவர்களே துரத்திவிட்டார்கள்" என்ற வாதத்துக்கு நீங்களே வழி திறக்கிறீர்கள்.

சபாநாயகர் எதிர்த்தரப்பு, எம்.எல்.ஏ. தாண்டியதற்கு ஆதாரம் உறுதி: மனு போட்ட அன்றே நாள்காட்டியில் மூன்று மாதத்தைக் குறித்து, முடிந்த மறுநாள் உயர் நீதிமன்றம் போகத் தயாராக இருங்கள்.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக் கவுன்சிலர் விஷயம்: பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் மட்டுமே. கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ கவுன்சிலர் மாறினால் அதைக் காட்டி மனு போட முடியாது. கட்சி நடவடிக்கை மட்டுமே கையில் உண்டு.

பதவிக்காலம் ஒரு வருடத்துக்கும் குறைவாக மிச்சம்: காலியான இடத்துக்கு ஆறு மாதத்தில் இடைத்தேர்தல் என்ற விதி அப்போது பொருந்தாது. மனுவில் வென்றாலும் தொகுதி பொதுத்தேர்தல்வரை காலியாகத்தான் கிடக்கும். அந்த நிலையில் தற்காலிக நீக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, அடுத்த வேட்பாளரை இப்போதே தொகுதிக்குள் இறக்கிவிடுவதே சரி.